சீர்த்தட்டில் வந்த இன்ஜின் ஆயில்

எதைக் கையில் எடுத்தாலும் திருப்பித் தேதி பார்ப்பது என் பழக்கம். கோரிப்பாளையத்தில் ஒரு மருந்துக் கடையில் இருபது வருடமாக நிற்கிறேன். மாத்திரை அட்டை, சிரப் பாட்டில், குழந்தைப் பவுடர் எது வந்தாலும் முதலில் விரல் அதன் முதுகைத் தடவும், கண் தேதியைத் தேடும், அப்புறம்தான் பெயரையே படிப்பேன். கடையில் இதற்குப் பொறுப்பு என்று பெயர். வெளியில் இதே காரியத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு முறை சொந்தக்காரர் வீட்டில் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "இது போன மாசமே முடிஞ்சிருச்சே" என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் அன்றிலிருந்து எனக்கு வெறும் காபிதான்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு மைத்துனன் வாய்த்தான். என் மனைவியின் ஒரே தம்பி. காளவாசலில் ஆயில் கடை வைத்திருக்கிறான். வண்டிகளுக்கு ஊற்றும் இன்ஜின் ஆயில், கிரீஸ், இந்த மாதிரி சரக்கு. வீடு வாடிப்பட்டிப் பக்கம், வயலை ஒட்டி. நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். வாய் நிறையச் சிரிப்பான், கை நிறையக் கொடுப்பான். ஆனால் அவன் உலகத்தில் எதற்கும் தேதி என்று ஒன்று கிடையாது. முந்தாநாள் மீன் குழம்பைச் சுட வைத்து, "இப்பத்தான் மச்சான் புளி எறங்கியிருக்கு" என்று சாப்பிடுகிற ஆள். அவன் சாப்பிடும்போது நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

எங்கள் வீடு விளாங்குடியில். வாசலில் ஒரு இரும்புக் கேட் உண்டு. திறந்தால் கீச்சென்று கத்தும், தெருவுக்கே கேட்கும். மனைவி அடுப்படியில் இருந்தபடியே சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுவாள். பால்காரர் பாதிதான் திறப்பார். நான் மெதுவாகத் திறப்பேன், அதனால் சத்தம் நீளமாக வரும். அவள் தம்பி ஒரே தள்ளு. அந்தச் சத்தம் கேட்டதும் அவள் உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி போடுவாள்.

என் மூத்த மகளுக்கு மூன்று வயதில் காதுகுத்து வைத்தோம். ஆறு வருடம் ஆகிறது. எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் எல்லாம். பிள்ளை அவன் மடியில் உட்கார்ந்தால்தான் ஆசாரி ஊசியைக் கையில் எடுப்பார். அப்பன் ஓரமாக நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தால் போதும். சீர் கொண்டு வருவது மாமன் உரிமை. தட்டுகளை எண்ணுவது ஊரின் உரிமை.

மாப்ள ஒரு மினி லாரியில் சீரை ஏற்றி வந்து, மெயின் ரோட்டில் இறக்கி, மேளத்தோடும் வெடியோடும் எங்கள் தெருவுக்குள் நடந்து வந்தான். பின்னால் பெண்கள் தட்டுகளோடு வரிசையாக வந்தார்கள். வாழைப்பழம், தேங்காய், லட்டு, பட்டுப்பாவாடை, வளையல். வாசலில் நின்ற கூட்டம் எண்ணிக்கொண்டே வந்தது. அப்புறம் ஒரு பத்துத் தட்டு வந்தபோது எண்ணிக்கை நின்றுபோனது. தட்டுக்கு இரண்டு லிட்டர் கேனாக, மொத்தம் இருபது லிட்டர் இன்ஜின் ஆயில். ஒவ்வொரு கேனின் கழுத்திலும் மல்லிகைச் சரம், வயிற்றில் அப்பிய சந்தனம், அதன் நடுவில் குங்குமம். மேளக்காரர்கூட ஒரு அடி தவறினார்.

"என்ன மாப்ள இது?" என்றேன்.

"மச்சான், எல்லாரும் ஆப்பிளு ஆரஞ்சுன்னு வைக்கிறாய்ங்க. மூணாம் நாளு அழுகும், நாலாம் நாளு குப்பையில கெடக்கும். ஆயிலு அழுகாது மச்சான். ஒங்க வண்டி ஓடுற வரைக்கும் என் சீரு ஓடும்" என்றான், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

கூட்டம் கைதட்டியது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் ஏதோ செய்தது. பொய் சொல்லக் கூடாது. என் வண்டி ஒரு பழைய நூறு சிசி, கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அதை இத்தனை பேர் முன்னிலையில் மதித்துச் சீர் செய்தவன் அவன் ஒருவன்தான். இருந்தாலும் கை சும்மா இருக்குமா? ஒரு கேனை எடுத்துத் தேதியைத் தேடினேன். அச்சடித்திருந்த இடத்தில் சரியாகச் சந்தனம் அப்பியிருந்தது. சபையில் சந்தனத்தைச் சுரண்டக் கூடாது என்கிற அளவுக்கு அன்றைக்கு எனக்குப் புத்தி இருந்தது.

கேன்கள் பரணுக்குப் போயின. வருடத்துக்கு இரண்டு தடவை ஆயில் மாற்றுவேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கேன். அதற்கு மேல் யாருக்கும் ஒரு சொட்டுக் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் அவசரத்துக்கு ஒன்று கேட்டபோது மனைவி, "பெறந்த வீட்டுச் சீர ஊருக்குக் குடுப்பாகளாண்ணே?" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டாள். ஆயுத பூஜை வந்தால் கேன்களை இறக்கித் தூசி தட்டி, பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம் வைத்து, பிள்ளைகளின் புத்தகத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்திச் சூடம் காட்டுவாள். கும்பிடக் கும்பிட அவற்றின் மேல் கை வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்றாவது ஆயுத பூஜைக்குத் துடைக்கிற வேலையை என்னிடம் தந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. ஈரத்துணி போட்டுத் தேய்த்தேன். மூன்று வருடச் சந்தனமும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் இருந்தது, பேக் செய்த மாதமும் வருடமும். விரல் விட்டு எண்ணினேன். சீர்த்தட்டில் ஏறிய அன்றைக்கே அதற்கு இரண்டு வயது. இப்போது ஐந்து. பதினாலு கேனிலும் அதே மாதம்தான்.

எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்டேன். "சீல் பிரிக்காம, வெயில் படாம வச்சிருந்தா அஞ்சு வருசம் தாங்கும்ணே. அதுக்கு மேல நம்ப முடியாது. ஆயில்ல மருந்து கலந்திருப்பாய்ங்கல்ல, அது பிரிஞ்சு அடில படிய ஆரம்பிச்சிரும்" என்றான். மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்கள் பரணில் வெயில் படாது, சரிதான். ஆனால் மேலே மொட்டைமாடித் தளம். சித்திரை மாதம் அந்தப் பரணில் கையை விட்டால் அப்பளம் பொரிக்கலாம்.

மனைவியிடம் வந்து சொன்னேன். "தானமா வந்த மாட்ட எவனோ பல்லப் புடிச்சுப் பாத்தானாம். வாய மூடிக்கிட்டு ஊத்துங்க. ஊத்தப் பிடிக்கலன்னா வாய மட்டுமாச்சும் மூடிக்கங்க" என்றாள். நல்ல அறிவுரை. நான் ஒரு மாதம் அதன்படி நடந்தேன்.

அடுத்த மாதம் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். மண்டபத்தில் பந்தி. மாப்ள எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தான். சாம்பார் முடிந்து ரசம் வந்துகொண்டிருந்தது. அவன் நல்ல குஷியில், எதிர்வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "என்ன மச்சான், வண்டி எப்பிடி ஓடுது? நம்ம ஆயிலு எப்பிடி?" என்று கேட்டான்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. "ஆயிலு எக்ஸ்பைரி ஆயிருச்சு மாப்ள" என்றேன். "நீ குடுக்கும்போதே அது ரெண்டு வருசம் பழசுப்பா. சந்தனத்துக்கு அடில தேதி போட்டிருக்கு."

கடையில் வாடிக்கையாளரிடம் சொல்வேனே, இந்த மாத்திரை வேண்டாம், வேறு அட்டை தருகிறேன் என்று, அதே குரலில்தான் சொன்னேன். மனதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. ஆனால் சீர் என்பது மாத்திரை அட்டை இல்லை என்று அப்போது உறைக்கவில்லை. எதிர் இலைப் பெரியவர் கையில் எடுத்த கவளத்தை நிறுத்தி, "சீர்ல பழசா வச்சான்?" என்றார். அது அவருக்கு அடுத்த இலைக்குப் போனது. ரச வாளி வரிசைக் கடைசியை எட்டுவதற்குள் என் பேச்சு அங்கே எட்டிவிட்டது. அங்கே அது, "காதுகுத்துச் சீரு பூராம் டேட்டு முடிஞ்ச சரக்காம்ல" என்று ஆகியிருந்தது.

மாப்ள கையை உதறினான். இலையை மூடினான். எழுந்தான். பாயசம்கூட இன்னும் வந்திருக்கவில்லை.

அதோடு அவன் எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டான். அக்காவோடு போனில் பேசுவான். பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றால் துணி அனுப்புவான். நேரில் மட்டும் வருவதில்லை. கேட் கத்தும்போதெல்லாம் மனைவி ஒரு நொடி கையிலிருக்கிற வேலையை நிறுத்துவாள். பால்காரர் என்று தெரிந்ததும் மறுபடி தொடங்குவாள். என்னைத் திட்டினாலாவது பரவாயில்லை, திட்டவும் மாட்டாள். மூன்று வருடம் இப்படி ஓடிவிட்டது.

இதில் மாட்டிக்கொண்டவள் என் இளைய மகள். காதுகுத்தை ஒற்றைப்படை வயதில் வைப்பதுதான் எங்கள் வழக்கம். மூன்றாவது வயதில் வைத்திருக்க வேண்டும். மாமன் கோபத்தில் இருந்தான், அது போயிற்று. இப்போது அவளுக்கு ஐந்து. ஆவணி வந்தால் ஆறு ஆகிவிடும். "எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் ஓட்டை இருக்கு, எனக்கு மட்டும் இல்ல" என்று தினமும் ஒரு பாட்டு. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் இரண்டு காதிலும் ஜிமிக்கிப் படத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்தாள். அதைப் பிய்க்கும்போது அவள் போட்ட கூச்சல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடலாமே, முறைக்கு மாமன் ஆகிறவர்கள் ஊர் நிறைய இருக்கிறார்களே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "என் தம்பி குத்துக்கல்லாட்டம் இருக்கையில எம்பிள்ளைக்கு வேற மடியத் தேடணுமா?" என்றாள். அன்றைக்கு மதியம் எனக்கு யாரும் சோறு பரிமாறவில்லை. நானே போட்டுச் சாப்பிட்டேன்.

கடைசியில் அவளே தம்பியோடு பேசி ஒரு வழி கண்டுபிடித்தாள். தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை. வெற்றிலை பாக்கு பழத்தோடு நேரில் போய் அழைக்க வேண்டும். அவன் வைத்த நிபந்தனையைத் திருத்தாமல் அப்படியே வந்து சொன்னாள்: "மச்சான் நான் குடுத்த ஆயில ஊத்தி, அந்த வண்டியிலயே வந்து, என் வாசல்ல நின்னு பத்திரிக வைக்கட்டும். என் மடி எங்கயும் போயிறல."

ஆயிலுக்கு அப்போது எட்டு வயது. என் இளைய மகளைவிட மூன்று வயது மூத்தது.

முதலில் குறுக்குப் புத்திதான் வந்தது. புது ஆயில் ஒன்று வாங்கி வண்டியில் ஊற்றிவிட்டு, பழைய கேனைக் காலி செய்து கையோடு கொண்டுபோய்க் காட்டினால் யாருக்குத் தெரியும்? மெக்கானிக்கிடம் கேட்டேன். "அவுக ஆயில் கடைக்காரவுகண்ணே. விரல்ல தொட்டு மோந்து பாத்தே என்னைக்குள்ளதுன்னு சொல்லிருவாக" என்றான். அவன் அப்படிச் சொல்லாவிட்டாலும் என்னால் அதைச் செய்திருக்க முடியாது. ஒரு டப்பாவைக் காட்டி உள்ளே வேறு சரக்கை வைப்பதற்கு எங்கள் தொழிலில் போலி என்று பெயர். இருபது வருடமாக அந்தப் பெயர் வாங்காமல் இருக்கிறேன்.

சரி, ஊற்றுவது என்று ஆகிவிட்டது, இருப்பதில் நல்லதையாவது ஊற்றுவோம். பரணிலிருந்து ஐந்து கேனை இறக்கிச் சீலை உடைத்தேன். கடையிலிருந்து கொண்டு வந்திருந்த காலிக் கண்ணாடிப் பாட்டில்கள் ஐந்தில் ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் ஊற்றி, எண் எழுதி ஒட்டி, ஜன்னலில் வரிசையாக வைத்தேன். காலையும் மாலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒன்றாம் பாட்டிலின் அடியில் சேறு மாதிரி ஒரு படிவு. மூன்றாம் பாட்டில் கலங்கல். நான்கும் ஐந்தும் சந்தேகம். இரண்டாம் பாட்டில் மட்டும் ஓரளவு தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்த ஒரு அம்மா அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, "வீட்டுலயே டானிக் காச்சுறீகளா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

இரண்டாம் எண் கேனை மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். அடியில் லேசாக ஏதாவது படிந்திருந்தாலும் சரியாகிவிடட்டும் என்று போகிற வழியெல்லாம் குலுக்கிக்கொண்டே போனேன். அவன் சிரித்துவிட்டான். "நல்லாக் குலுக்கிக் குடிக்க அது என்னண்ணே, இருமல் மருந்தா? ஒரு நாளைக்கு ஓடும். மெதுவாப் போங்க. போயிட்டு வந்த ஒடனே எறக்கிருவோம்" என்றான். உள்ளே இருந்த நல்ல ஆயிலை இறக்கிவிட்டு அவன் இதை ஊற்றும்போது எனக்குப் பார்க்க மனசு வரவில்லை. திரும்பி நின்றுகொண்டேன். பதினைந்து வருடத்துக்கு மேல் என்னை ஒரு நாள்கூட நடுரோட்டில் நிறுத்தாத வண்டி அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடிப்பட்டிக்குக் கிளம்பினோம். மூத்தவளைப் பக்கத்து வீட்டில் விட்டோம். இளையவள் நடுவில், மனைவி பின்னால், அவள் மடியில் பழமும் வெற்றிலையும் பத்திரிகையும் இருந்த பை. கிளம்புவதற்கு முன் மனைவி வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். புது வண்டிக்குத்தானே வைப்பார்கள் என்றேன். "பழைய ஆயிலுக்கும் வைக்கலாம்" என்றாள். மூன்று வருடத்தில் அவள் என்னைக் கேலி செய்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

திண்டுக்கல் ரோட்டில் முப்பதுக்கு மேல் போகவில்லை. பஸ்கள் ஆரன் அடித்துத் திட்டிவிட்டுப் போயின. ஒரு சைக்கிள்காரர் என்னை முந்தினார், திரும்பியும் பார்த்தார். என் காது முழுக்க இன்ஜினில் இருந்தது. வழக்கமான சத்தத்தில் ஒரு தட்டல் கூடினாலும் கை தானாக வேகத்தைக் குறைத்தது. பரவை தாண்டினதும் ஒரு தடவை நிறுத்தினேன், சமயநல்லூரில் ஒரு தடவை. காய்ச்சல் என்று கடைக்குத் தூக்கி வருகிற பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி இன்ஜின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன். "அப்பா, வண்டிக்கு என்னாச்சு?" என்று கேட்டாள் இளையவள். "ஒண்ணுமில்லம்மா, ஒன் காதுக்காக ஓடுது" என்றேன்.

மாப்ள வாசலிலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். எங்கள் பக்கம் வாசலுக்கு வந்தவனை "வாங்க" என்று கேட்காமல் இருந்தால் அது பெரிய அவமரியாதை. அவன் கேட்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. நேராக வண்டிக்கு வந்து குந்தினான். ஆயில் அளவு பார்க்கிற குச்சியைத் திருகி எடுத்தான். நுனியில் இருந்த ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தான். மூக்குக்குக் கொண்டுபோனான். அவன் முகத்தில் இருந்த முறைப்பு அப்படியே வடிந்துபோனது.

"நெசமாவே ஊத்திட்டீகளா?" என்றான்.

"நீதான மாப்ள ஊத்தச் சொன்ன?"

"எட்டு வருச ஆயிலு மச்சான்! எவனாச்சும் ஊத்துவானா? நான் கோவத்துல ஆயிரம் சொல்லுவேன். நீங்க மெடிக்கல்ல இருக்குறவரு. ஊத்துறதுக்கு முன்னாடி தேதி பாக்க வேணாமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். அதற்குள் அவன் உள்ளே ஓடினான். ஸ்பானர், ஒரு பழைய தகரச் சட்டி, ஒரு புதுக் கேன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தான். "வண்டிய யாரும் தொடாதீக" என்று கத்திக்கொண்டே வெள்ளை வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்து அடிப் போல்ட்டைத் திருகினான். சூடான ஆயில் அவன் கையில் வழிந்தது, வேட்டியில் வழிந்தது. அவன் கண்டுகொள்ளவில்லை. அக்கம்பக்கத்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள். என்னவென்று கேட்டார்கள்.

"பழைய ஆயிலு. நான் குடுத்ததுதான். தேதி முடிஞ்சு போச்சு" என்றான், சத்தமாக.

எந்த வார்த்தைக்காக மூன்று வருடம் எங்கள் வீட்டுப் படி ஏறாமல் இருந்தானோ, அதே வார்த்தையைத் தன் தெருவில், தன் ஆட்கள் முன்னால், என் வண்டிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று அவனே சொன்னான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் பக்கத்தில் குந்தினேன்.

"மாப்ள, அன்னைக்கு நான் பந்தியில வச்சு அப்பிடிச் சொல்லிருக்கக் கூடாதுப்பா. தப்புதான்."

அவன் சட்டியில் விழுகிற ஆயிலையே பார்த்துக்கொண்டிருந்தான். "சொன்னது நெசந்தான மச்சான். பாயசம் வந்த பெறகு சொல்லிருக்கலாம்" என்றான்.

அப்புறம் போல்ட்டைத் துடைத்துக்கொண்டே, யாருக்கோ சொல்கிற மாதிரி, "கடை தொறந்த அன்னைக்கு மொதமொதல்ல எறக்குன சரக்கு அது. அப்ப மூத்தவளுக்கு ஒரு வயசு. அவ காதுகுத்துக்குன்னு தனியா ஒதுக்கி வச்சேன். எம்புட்டோ பேரு கேட்டாய்ங்க, ஒண்ணக்கூட விக்கல" என்றான்.

ஆயில் ஏன் இரண்டு வருடம் பழசு என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தேதியைப் படித்தேன், அதோடு எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். என் மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பத்திரிகைப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். இளையவளுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. நேராகப் போய் ஆயில் கறை படிந்த அந்த மடியில் உட்கார்ந்து, "மாமா, இப்பவே குத்துங்க" என்றாள். புதுப் பாவாடை போயிற்று.

"வாங்க மச்சான். வா அக்கா. உள்ள வாங்க" என்றான் அவன்.

அன்றைக்கு மதியம் அங்கேதான் சாப்பாடு. அவன் சம்சாரம் சேமியாப் பாயசம் வைத்திருந்தாள். காலிச் சேமியாப் பாக்கெட் அடுப்பு மேடையில், என் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை. மாப்ள இரண்டு டம்ளர் குடித்தான், நான் மூன்று.

ஆனி மாதம் காதுகுத்து வைத்தோம். மேளம் தெருவுக்குள் வந்தது, வெடி வெடித்தது, தட்டுகள் வந்தன. இந்தத் தடவையும் ஆயில் இருந்தது. ஆனால் இரண்டே இரண்டு கேன், ஒரு வருடத்துக்கு என்ன தேவையோ அவ்வளவுதான். சந்தனப் பொட்டை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்து, தேதி அச்சடித்த பக்கம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருந்தான். நான் அதைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு எல்லோரையும் கும்பிட்டேன். மாப்ள விடவில்லை. "போன மாசச் சரக்கு மச்சான். நல்லாப் பாத்துக்கங்க" என்று தட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினான். தெரு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்புறம் மூன்று வருடத்துக்குப் பின் முதல் தடவையாக எங்கள் கேட்டை ஒரே தள்ளாகத் தள்ளினான். கீச்சென்ற சத்தத்தில் மேளமே அமுங்கிப்போனது. அடுப்படியிலிருந்து மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள். அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"ஏன்க்கா, பரண் நெறைய ஆயில வச்சுக்கிட்டு இந்தக் கேட்டு இம்புட்டுக் கத்துக் கத்துது? இதுக்கு ஊத்துறதுக்குமா தேதி பாக்குறாரு மச்சான்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அவன் சீரை அப்படியே நிறுத்திவிட்டு, பரணிலிருந்து ஒரு கேனை இறக்கச் சொல்லி, இரண்டு கீலுக்கும் வழிய வழிய ஊற்றி, கேட்டை நாலு தடவை ஆட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தான். ஆசாரி காத்துக்கொண்டிருந்தார். இளையவள் மாமன் மடியில் ராணி மாதிரி உட்கார்ந்தாள். ஊசி பட்டதும் மாமனின் கையைக் கடித்துவிட்டாள். தழும்பு இன்னும் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் சட்டையைச் சுருட்டிக் காட்டுகிறான்.

இப்போது கேட் கத்துவதில்லை. யார் வருகிறார்கள் என்று அடுப்படியில் இருந்து சொல்ல முடியவில்லை என்று மனைவிக்கு ஒரு குறை. பால்காரர் வந்துவிட்டுப் போனதுகூடத் தெரிவதில்லை. நேற்றுச் சாயங்காலம் நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று அடுப்படியில் அவன் குரல் கேட்டது. சட்டி மூடியைத் திறந்து மோந்துகொண்டிருக்கிறான்.

"அக்கா, இது நேத்து வச்ச கொழம்பா? ஊத்து, ஊத்து."

அது முந்தாநாள் வைத்தது. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.